போக்கர் டோர்னமெண்ட் ஆடியே பிழைக்க முடியுமா? வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி கேட்டவர் கூடலூர் பக்கம் என்றும், ஐடி வேலை என்றும், கையில் நாலு லட்சம் சேமிப்பு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே உட்கார்ந்து முழுநேரமாகப் போக்கர் என்கிற சீட்டாட்டத்தில் டோர்னமெண்ட் (போட்டி) ஆடலாமா என்கிறார். எனக்கு முன்னால் பதில் எழுதிய ரெண்டு பேர் "சூதாட்டத்துக்கு என்ன ஆலோசனை, குடும்பத்தைப் பாருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நான் கோத்தகிரிக்காரன். சில வருஷங்கள் என் வீட்டு வாடகையும் தங்கச்சியின் காலேஜ் ஃபீஸும் இந்த ஆட்டத்தில் வந்த பணத்தில்தான் போயின. அதனால் ஒரு வரியில் என்னால் சொல்ல முடியாது.

வேலையை விடாதீர்கள், அது முதலில். ஊரில் உட்கார்ந்து ஆடுவது என்பது இப்போது கிடையவே கிடையாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் பணம் கட்டி ஆடுகிற எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்துவிட்டது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி, தமிழ்நாட்டுச் சட்டம் அவற்றை அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்ததை ரத்து செய்தபோது எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. அப்புறம் 2025-இல் ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்று மாநில விதி வந்தது. சாயங்காலம் தொடங்குகிற பெரிய டோர்னமெண்ட்டின் ஃபைனல் டேபிளே நள்ளிரவுக்கு மேல்தான் வரும், அதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச மாதத்தில் மத்திய சட்டம் வந்து எல்லாமே முடிந்தது. ஆன்லைன் ஆட்டத்தில் பணத்தை விட்டு உயிரையே விட்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு, அந்த வீடுகளின் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வெளிநாட்டுத் தளத்தில், இருக்கிற இடத்தை மறைக்கிற விபிஎன் போட்டு ஆடலாமே என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் கேட்காதீர்கள். அங்கே பணம் மாட்டிக்கொண்டால் போய்ச் சொல்ல ஒரு ஆள் கிடையாது.

ஆக மிச்சம் இருப்பது நேரில் போய் ஆடுவது. தமிழ்நாட்டில் கேசினோ இல்லை. கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கிற கப்பல்கள், இல்லையென்றால் வெளிநாடு. இங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், அங்கிருந்து கோவா. ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே கணிசமாகச் செலவாகியிருக்கும்.

திறமை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு சம்பவம் சொல்கிறேன். கோவாவில் ஒரு சேட்டலைட். தெரியாதவர்களுக்கு: பெரிய போட்டிக்கு நேராக 55,000 ரூபாய் கட்டாமல், 6,000 கட்டி ஒரு சின்னப் போட்டி ஆடி, அதில் கடைசிவரை நிற்கிற பத்துப் பேருக்குப் பெரிய போட்டியில் இடம் கொடுப்பார்கள். முதலில் வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் அதே ஒரு இடம்தான், சிப் (போட்டியில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற வில்லை) அதிகம் வைத்திருந்தவருக்கு எதுவும் கூடுதலாகக் கிடையாது. நூறு பேர் போலத் தொடங்கி, ராத்திரி பதினொரு பேர் மிஞ்சினோம். இன்னும் ஒருவர் வெளியே போனால் மிச்சப் பேருக்கெல்லாம் இடம். சிப் கணக்கில் நான் ரெண்டாவது. ஒவ்வொரு முறை சீட்டு போடும்போதும் ரெண்டு பேர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கவேண்டிய பந்தயம்தான் பிளைண்ட், அதில் பெரியது பிக் பிளைண்ட். மூன்று பேரிடம் ரெண்டு பிக் பிளைண்ட்கூட இல்லை, அடுத்த சுற்று பிளைண்ட் வந்தாலே அவர்கள் கதை முடிந்தது. அந்தக் கையில் பிக் பிளைண்ட் வைக்கிற முறை என்னுடையது. முதலிடத்தில் இருந்தவர் ஆல்-இன் என்றார், அதாவது மொத்தச் சிப்பையும் தள்ளினார். மற்ற எல்லாரும் ஃபோல்ட், அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார்கள். என் கையில் கிங் ஜோடி, ஏஸ் ஜோடிக்கு அடுத்த பெரிய கை.

நான் ஃபோல்ட் செய்தேன். சீட்டைத் திருப்பிக் காட்டியே வைத்தேன்.

பக்கத்தில் இருந்த சென்னைக்காரர் "என்ன பிரதர், கிங்ஸைத் தூக்கிப் போடறீங்க, இதுக்கா மலையிலேர்ந்து இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். டேபிளே சிரித்தது. டீலர் பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அன்றைக்கும் அதில் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. எதிராளி எந்த ரெண்டு சீட்டோடு தள்ளியிருந்தாலும் சரி என்று வைத்துக்கொண்டால்கூட கிங் ஜோடி ஜெயிப்பது நூற்றுக்கு 82 தடவைதான். மிச்சம் 18 தடவை நான் கையில் ஒன்றுமில்லாமல் எழுந்து போகவேண்டும், ஏனென்றால் அவருடைய சிப் என்னுடையதைவிட அதிகம். ஃபோல்ட் செய்தால்? மூன்று பேர் எனக்கு முன்னால் சாகக் காத்திருக்கிறார்கள், என் இடம் கிட்டத்தட்ட உறுதி. ஜெயித்திருந்தாலும் அந்தச் சிப்பை மெயின் ஈவெண்ட்டுக்கு, அதாவது அந்தப் பெரிய போட்டிக்கு, எடுத்துப் போக முடியாது. அந்த நிலைமையில் ஏஸ் ஜோடி வந்திருந்தாலும் ஃபோல்ட் செய்திருப்பேன், அது 85 தடவைதான். இதற்கு ஐசிஎம் என்று பெயர், சிப்பை எண்ணாமல் அந்தச் சிப்புக்கு இப்போது எத்தனை ரூபாய் பெறுமானம் என்று எண்ணுகிற கணக்கு. ஆல்-இன் என்று தள்ளியவருக்கும் இது நன்றாகத் தெரியும், எல்லாரும் ஃபோல்ட் செய்துதான் ஆகவேண்டும் என்று தெரிந்தே தள்ளினார். அவர் மேல் எனக்கு மரியாதைதான். கொஞ்ச நேரத்தில் சிப் குறைவாக வைத்திருந்த ஒருவர் வெளியேறினார், பத்துப் பேருக்கும் இடம் கிடைத்தது, சென்னைக்காரருக்கும்தான்.

மெயின் ஈவெண்ட்டில் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பரிசு தொடங்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே ஏஸ்-கிங் வைத்து ராணி ஜோடியிடம் தோற்று எழுந்தேன். ஏறக்குறைய 43-க்கு 57 என்கிற மோதல் அது, யாரும் குறை சொல்ல முடியாத கை. "அப்போ கிங்ஸைப் போட்டு என்ன லாபம்?" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். 6,000 ரூபாயில் 55,000 ரூபாய் இடம் வாங்கினேன், அதுதான் லாபம். அடுத்த நாள் சீட்டு விழாதது வேறு விஷயம். இந்த ரெண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாதவர் இந்தத் தொழிலில் ஆறு மாதம் தாங்கமாட்டார்.

ஏன் தாங்கமாட்டார் என்றால், டோர்னமெண்ட்டில் பணம் கிடைப்பதே ஆடுகிறவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான். அதிலும் பெரிய தொகை முதல் மூன்று பேருக்குப் போய்விடும். நன்றாக ஆடுகிறவன்கூட நூற்றுக்கணக்கான போட்டிகள் நஷ்டத்திலேயே ஓடலாம். அதனால்தான் குறைந்தது நூறு நுழைவுக் கட்டணமாவது தனியாக இருக்கவேண்டும் என்பார்கள், வீட்டுச் செலவுப் பணம் அதில் சேராது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 86 டாலர் ஆன்லைன் சேட்டலைட்டில் உள்ளே வந்து, 838 பேரைத் தாண்டி, உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவெண்ட்டில் 25 லட்சம் டாலர் ஜெயித்த கதையைச் சொல்லித்தான் எல்லாப் பையன்களையும் இழுக்கிறார்கள். கதை உண்மைதான். ஆனால் 2023-இல் அதே போட்டிக்கு வந்தவர்கள் 10,043 பேர். வெளிநாட்டில் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் முழுச் சொந்தப் பணத்தில் ஆடுவதில்லை, தங்கள் ஆட்டத்தில் ஒரு பகுதியைப் பங்காக விற்றுவிட்டுத்தான் உட்காருவார்கள். இங்கே அப்படிப் பங்கு வாங்க நமக்கு யார் இருக்கிறார்கள்?

வரியையும் சேருங்கள். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம், அதற்கு மேல் செஸ் என்கிற கூடுதல் வரி. தோற்ற போட்டிகளின் கட்டணத்தை அதில் கழிக்க விடமாட்டார்கள். வருஷத்தில் 10 லட்சம் கட்டி 13 லட்சம் ஜெயித்தீர்கள் என்று வையுங்கள், அது மிக நல்ல வருஷம். கையில் நிற்பது 3 லட்சம். வரி செஸ் இல்லாமலே 3.9 லட்சம். திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் சொல்கிறது, வரிக்கு மட்டும் லாட்டரியோடு சேர்த்து ஒரே கூடையில் போடுகிறார்கள். இதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை.

சூதாடி, சூதாடி என்கிறார்களே, அது எனக்கு ஏன் சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். என் அப்பா அரவேணுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். பச்சைத் தேயிலையைப் பறித்து ஏஜெண்ட்டிடம் போட்டால், மழைக்காலத்தில் ஈரம் என்று சொல்லி எடையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். என்ன விலை என்பது போடும்போது தெரியாது, மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். உரம் வாங்கியாச்சு, பறிகூலி கொடுத்தாச்சு, விலை மட்டும் எவனோ ஏலத்தில் முடிவு செய்கிறான். 2023-இல் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு கோத்தகிரிப் பக்கம் விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள், அப்பாவும் போய் உட்கார்ந்தார். வயதான மனுஷன், குளிரில். அவர் வாழ்க்கை முழுக்கத் தன் கையில் இல்லாத விலையை நம்பி முதல் போட்டிருக்கிறார், அவரை யாரும் சூதாடி என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் பொண்ணு பார்க்கப் போன இடத்தில் என் தொழிலைக் கேட்டதும் காபி டம்ளரைக்கூட உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். அம்மா அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை அப்படி உட்கார வைத்ததை நான் மறக்கமாட்டேன்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஏஸ் ஜோடி வருவது 221 கைக்கு ஒரு முறை. நேரடி டேபிளில் மணிக்கு முப்பது கை கூட ஓடாது, அதாவது எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும், அதுவும் தோற்கலாம். பெரும்பாலான நேரம் செய்கிற வேலை ஃபோல்ட் செய்துவிட்டு மற்றவர்களைப் பார்ப்பதுதான். உங்கள் சிப்பை எப்போதும் எத்தனை பிக் பிளைண்ட் என்றே எண்ணுங்கள். நூறு இருந்தால் பொறுமையாக ஃப்ளாப் (நடுவில் திறக்கிற முதல் மூன்று சீட்டு) பார்த்து ஆடலாம், பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டால் ஆல்-இன் அல்லது ஃபோல்ட், நடுவில் எதுவும் இல்லை. சும்மா கால் செய்து (எதிராளி வைத்த அளவையே தானும் வைத்து) மூன்று பிளைண்டை விட்டுவிட்டு அப்புறம் ஃபோல்ட் செய்கிறவர்களால்தான் மற்றவர்கள் பிழைக்கிறார்கள். பட்டனில், அதாவது கடைசியாகப் பேசுகிற இடத்தில், உட்காரும்போது அதிகக் கைகளை ஆடுங்கள், முதலில் பேசவேண்டிய இடத்தில் குறைவாக ஆடுங்கள். ஆடின கைகளை அன்றைக்கே எழுதி வையுங்கள், ஜெயித்ததையும் சேர்த்து. நான் விடியற்காலை எழுந்து, லாங்வுட் சோலைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்து, சால்வரில் (சரியான ஆட்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிற மென்பொருள்) ரெண்டு மணி நேரம் பழைய கைகளைப் போட்டுப் பார்ப்பேன். பன்னிரண்டு மணி நேரம் ஏசி அறையில் உட்கார்ந்து தெளிவாக யோசிக்க உடம்பு தாங்கவேண்டும். இப்போது மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், வீட்டுச் செலவு அதில் போகிறது, ஆட்டப் பணத்தை அதற்குத் தொடுவதில்லை.

உங்கள் நாலு லட்சத்தை நூறால் வகுத்தால் ஒரு போட்டிக்கு 4,000 ரூபாய். கோவாவில் அந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சேட்டலைட்களும் சின்னப் போட்டிகளும்தான், போக வர ஆகிற செலவே அதைவிட அதிகமாகிவிடும். அதனால் சம்பளத்தோடு இருங்கள். ஒரு பெரிய தொடர் நடக்கிற வாரமாகப் பார்த்து லீவு போட்டுப் போய், சேட்டலைட் மட்டும் ஆடுங்கள், கைகளை எழுதிக்கொண்டு வாருங்கள். கோத்தகிரி வந்தால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். காசு வேண்டாம்.