மகனுக்குக் கொப்பளிப்பான், அம்மா கர்ப்பிணி

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். 6 வயது மகனுக்கு முந்தாநாள் கொப்பளிப்பான் (சின்னம்மை) போட்டது. அம்மாள் வருத்தத்துக்கு மருந்து கொடுக்கக் கூடாது, தண்ணி வார்க்கும்வரை குளிக்கவும் கூடாது என்கிறார் மாமி. பிள்ளை சொறிந்து சொறிந்து அழுகிறான். என்ன செய்யலாம்? நான் 5 மாதக் கர்ப்பிணி. எனக்குச் சின்ன வயதில் இது வந்ததா என்று தெரியாது.

பதில்: கடைசி இரண்டு வரியை முதலில் எடுக்கிறேன். மகன் அநேகமாக ஒரு வாரத்தில் தேறிவிடுவான். அவசரம் உங்களுக்குத்தான்.

கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பே இது தொற்றத் தொடங்கிவிடும். இனி வேறு அறைக்கு மாறிப் பெரிய பயனில்லை. கர்ப்பிணிக்கு வந்தால் நியூமோனியா வரைக்கும் போகலாம். ஆகவே இன்றைக்கே உங்களைப் பார்க்கும் டொக்டருக்கு போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். சொல்லாமல் கிளினிக்குக்குப் போய் மற்றக் கர்ப்பிணிகளோடு உட்கார்ந்துவிட வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புசக்தி இருப்பது தெரிந்தால் கவலை விட்டது. இங்கே வளர்ந்தவர்கள் பலருக்கும் அது இருப்பதில்லை. இல்லையென்றால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புசக்தி) ஊசியோ வைரஸுக்கான மாத்திரையோ தேவைப்படலாம். அந்த ஊசியை, நோயாளியோடு பழகி 10 நாட்களுக்குள் போட வேண்டும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். தடுப்பூசி கர்ப்பகாலத்தில் போடுவதில்லை, பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம். உங்களுக்கு ஒரு கொப்புளம் போட்டாலும் அன்றே காட்டுங்கள்.

சரி, மகனுக்கு வருவோம். தாராளமாகக் குளிக்க வார்க்கலாம், வார்க்கவும் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் போதும். சொறிந்த இடத்தில் அழுக்குச் சேர்ந்து சீழ் பிடிப்பதுதான் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் தொல்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கடிக்கு (அரிப்புக்கு) கலமைன் லோஷன் பூசலாம். மாமி வாசலில் வேப்பிலை கட்டட்டும், அதில் ஒரு கெடுதலும் இல்லை. அரைத்துப் புண்ணில் பூச மட்டும் விடாதீர்கள். சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை. வாய்க்குள்ளும் கொப்புளம் இருந்தால் கஞ்சி, இளநீர், ஏன், ஐஸ்கிரீமும் கொடுக்கலாம்.

காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும்: எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. அஸ்பிரின் வேண்டவே வேண்டாம், அது ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும். இபுபுரோபனும் வேண்டாம். டெங்கு சுற்றும் கொழும்பில் இந்த இரண்டையும் தள்ளி வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது: டெங்குவாக இருந்தால் இவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

மூச்சு வாங்கினால், பிள்ளை எழுப்ப எழுப்பத் தூங்கி விழுந்தால், நடையில் தள்ளாடினால், புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சுட்டால், காய்ச்சல் விட்டு மறுபடி அடித்தால், பொரளை லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது போட்டால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிர் முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மகன் பள்ளிக்கூடம் போவது, கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகுதான்.