பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் எச்.ஐ.வி.யையும் தின்னுமா?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் தம்பி மகன் இரண்டு ஆண்டுகளாக எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறான். உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் ஒன்று இருக்கிறதாம். அதை ஊசியாகப் போட்டால் நோய் அடியோடு போய்விடுமாம். யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறான். இது உண்மையா ஐயா?"

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். பிள்ளை கேள்விப்பட்ட வைரஸ் இருப்பது உண்மைதான். ஆனால் எச்.ஐ.வி.யை அதனால் எதுவும் செய்ய முடியாது.

அதன் பெயர் பாக்டீரியாஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ். 1917இல் டெரெல் என்ற அறிஞர் பாரிஸில் வைத்த பெயர். மாணவனாக இருந்தபோது டர்பனில் சாக்கடை நீரை வடிகட்டி, பாக்டீரியா கலந்த தட்டில் ஒரு துளி விட்டேன். மறுநாள் காலையில் தட்டு முழுவதும் பாலாடை போல் பாக்டீரியா படர்ந்திருக்க, நடுநடுவே மிளகளவில் கண்ணாடி போன்ற துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரே ஒரு ஃபேஜில் தொடங்கியது என்று ஆசிரியர் சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

டி4 என்னும் ஃபேஜுக்குப் பல பட்டைகள் கொண்ட தலை, அதற்குள் டி.என்.ஏ., கீழே சுருங்கும் வால், வாலடியில் ஆறு நீண்ட இழைகள். அந்த இழைகளால் ஈ.கோலை பாக்டீரியாவின் மேற்பரப்பைப் பற்றி, வாலைச் சுருக்கி, டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே செலுத்தும். கூடு வெளியிலேயே நின்றுவிடும். அரை மணி நேரத்துக்குள் பாக்டீரியா வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட புதிய ஃபேஜுகள் வெளியே வரும். இழைகள் பற்றும் பிடி பாக்டீரியாவின் மேல்தான் இருக்கிறது. நம் செல்களில் இல்லை. எச்.ஐ.வி.யோ ஒரு செல்லே அல்ல. ஃபேஜ் பெருகுவதற்கு வேண்டிய எந்த வசதியும் அதற்குள் கிடையாது.

எச்.ஐ.வி. ரெட்ரோவைரஸ் இனம். அதற்குத் தலையும் வாலும் இல்லை, உருண்டை வடிவம். வெளியே போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலம் நம் செல்லிலிருந்தே எடுத்துக்கொண்டது. உள்ளே கூம்பு வடிவக் கூடு, அதில் டி.என்.ஏ. இல்லை, இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள். தன் படலத்தை, நோயை எதிர்க்கும் வெள்ளணுவான சி.டி.4 செல்லின் படலத்தோடு ஒன்றாக்கிக்கொண்டு, கூட்டோடு உள்ளே நுழைகிறது. பிறகு ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ.வை எழுதுகிறது. உயிரணுக்களில் வழக்கமாக நடப்பதற்கு இது நேர்த்தலைகீழ். இப்படி எழுதும் நொதியைக் கண்டுபிடித்ததற்காகவே டெமின், பால்டிமோர் என்ற அறிஞர்கள் 1975இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

எழுதிய டி.என்.ஏ.வை நம் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே செருகிவிடுகிறது. பிள்ளையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. லாம்டா என்ற ஃபேஜும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் இப்படிப் புகுந்து உறங்கும். ஆனால் தன்னைத் தானே வெட்டியெடுத்துக்கொண்டு வெளியேறவும் அதற்குத் தெரியும். எச்.ஐ.வி.க்கு அந்த வழி இல்லை. சில செல்களில் ஆண்டுக்கணக்காக அசையாமல் கிடக்கும். மருந்து நின்றால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே மீண்டும் பெருகத் தொடங்கும்.

இங்கே அரசு கிளினிக்குகளில் 2019இலிருந்து கொடுக்கப்படும் டி.எல்.டி. மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. டெனோஃபோவிரும் லாமிவுடினும் டி.என்.ஏ. எழுதப்படுவதைத் தடுக்கின்றன, டோலுடெக்ராவிர் செருகப்படுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே செருகப்பட்டதை மூன்றாலும் எடுக்க முடியாது. அதனால்தான் உடம்பு தேறிய பிறகும் தினமும் சாப்பிட வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. படியெடுக்கும்போது நிறையப் பிழை விடும். அரைகுறையாக மருந்து சாப்பிட்டால், அந்தப் பிழைகளிலிருந்து மருந்துக்கு அடங்காத வைரஸ் முளைக்கும்.

ஃபேஜ் சிகிச்சையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியா புண்களுக்கு அதைப் பல நாடுகளில் முயன்று வருகிறார்கள். அதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு.

பிள்ளை மாத்திரையை வெறுப்பதற்குத் தூக்கமின்மையோ, எடை கூடுவதோ, யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயமோகூடக் காரணமாக இருக்கலாம். கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். இதற்குள் நிறுத்தியிருந்தால், எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்பதை மறைக்காமல் கிளினிக் நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். இந்த வாரமே போகட்டும். கடைசி இரத்தப் பரிசோதனையில் வைரஸ் அளவு எவ்வளவு என்றும் கேட்டு வரட்டும். அது கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. இதை அவரிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.