ஜாடியில் அமோனியா வாடை வந்தால்

வணக்கம். ஒன்டாரியோவில் சட்டப்படி வளர்த்த நான்கு கஞ்சாச் செடிகளை அறுத்து, நாலே நாளில் மொட்டு மொறுமொறுவென்று ஆனதும் கண்ணாடி ஜாடியில் அடைத்ததாகவும், இப்போது அமோனியா வாடை அடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

உள் ஈரம் போகவில்லை. அரைகுறையாய்க் காய்ந்த வடகம் மாதிரி, மேலே மொறுமொறுப்பு, நடுத்தண்டில் ஈரம். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருக்கும். ஃபேனும் நேராக அடித்தால் வெளிப்புறம் மட்டும் வேகமாகக் காயும்.

இன்றே எல்லாவற்றையும் வெளியே எடுத்து அட்டையில் பரப்புங்கள். ஒரு மொட்டைப் பிளந்து தண்டை ஒட்டிய இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பளபளக்கும் பிசின் துளிகள் என்றால் பயமில்லை. சாம்பல் நிறத்தில் நூல் நூலாக இருந்தால் பூஞ்சை. அந்த ஜாடியில் இருந்ததை முழுவதும் எறிந்துவிடுங்கள். வெட்டி மிச்சம் பிடிக்காதீர்கள், நுரையீரல் விஷயம்.

சின்னத் தண்டு சட்டென்று ஒடிந்தால் திரும்ப அடைக்கலாம், ஜாடியில் முக்கால் பங்குதான். உள்ளே சிறிய ஈரப்பதமானி போடுங்கள். 58 முதல் 62 சதவீதம் சரி. 65-ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து வையுங்கள், 70 என்றால் மறுபடி வெளியே. முதல் வாரம் தினமும் சில நிமிடம் திறந்தால் போதும், அப்புறம் குறைக்கலாம்.

அடுத்த முறை இருட்டறை, 18 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 60-க்குப் பக்கத்தில், ஃபேன் சுவரைப் பார்த்து. பத்து நாளாவது விடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஜாடிகள் பூட்டிய அலமாரியில்தான்.