தேர்வுக்கு வராதவருக்கும் ‘தேர்ச்சி’ வருவது ஏன்?

கேள்வி: காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களை எக்செல்லில் ஏற்றி, 35-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு ‘தேர்ச்சி’ என்று வரும்படி இஃப் ஃபார்முலா போட்டேன். தேர்வுக்கு வராதவர்களுக்கு மதிப்பெண் கட்டத்தில் ‘ஏபி’ என்று தட்டியிருக்கிறேன். அவர்களுக்கும் ‘தேர்ச்சி’ என்றே வருகிறது. முடிவைத் தமிழில் காட்டுவதால் வரும் சிக்கலா? (ஓர் ஆசிரியை)

பதில்: தமிழுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எக்செல்லில் ஒரு விதி இருக்கிறது: எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடச் சொன்னால், எழுத்துதான் எப்போதும் பெரியது. ‘ஏபி’ 35-ஐ விடப் பெரியதா என்று கேட்கிறீர்கள், ஆமாம் என்கிறது. 35 இருந்த இடத்தில் பத்து லட்சம் இருந்தாலும் அதே பதில்தான். காலிக் கட்டமோ பூஜ்யமாகக் கருதப்படும், அங்கே ‘தேர்ச்சி இல்லை’ என்று வரும். எரர் எதுவும் காட்டாமல் தப்பான முடிவு வருவதால்தான் இது ஆபத்து. பட்டியல் பிரின்ட் ஆகி, பெற்றோர் கைக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

அதனால் 35-ஐத் தொடுவதற்கு முன், கட்டத்தில் இருப்பது என்ன என்று முதலில் கேளுங்கள். மதிப்பெண் சி2-வில் இருந்தால் ஃபார்முலா இப்படி அமையும் (இங்கே தமிழில் தந்திருக்கிறேன், ஃபார்முலா பெயர்கள், கட்டத்தின் பெயர், ஏபி எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்):

=இஃப்(டிரிம்(சி2)="ஏபி","வரவில்லை",இஃப்(இஸ்நம்பர்(சி2),இஃப்(சி2>=35,"தேர்ச்சி","தேர்ச்சி இல்லை"),"சரிபார்க்கவும்"))

முதலில் ‘ஏபி’ தனியாகப் பிரிந்துவிடும். மிச்சத்தில், உண்மையான எண்ணாக இருந்தால் மட்டுமே 35-உடன் ஒப்பிடும். இரண்டிலும் சேராதது ‘சரிபார்க்கவும்’ என்று நிற்கும். இந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள். மதிப்பெண்ணே சில சமயம் எழுத்தாகப் பதிவாகியிருக்கும், குறிப்பாக வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது. அப்படி ஒட்டிய 12, பார்க்க 12 மாதிரியே இருக்கும். பழைய ஃபார்முலா அதற்கும் ‘தேர்ச்சி’ போட்டிருக்கும். நீங்கள் அலைன்மென்ட் எதையும் மாற்றாமல் இருக்கும்போது எண் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால், அது எழுத்து என்று சந்தேகப்படலாம்.

டிரிம் எதற்கு? ‘ஏபி’க்குப் பின்னால் ஸ்பேஸ் தட்டுப்பட்டிருந்தால் எக்செல்லுக்கு அது வேறு சொல். டிரிம் அந்த இடைவெளியை நீக்கிவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றிக் கவலை வேண்டாம், இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஆனால் ஃபார்முலாவுக்குள் வரும் எந்தச் சொல்லுக்கும் இரட்டை மேற்கோள் கட்டாயம், அதுவும் நேராக நிற்கும் குறி. வேர்டிலிருந்து ஒட்டினால் வளைந்த குறி வந்துவிடும். அழித்துவிட்டு நீங்களே தட்டுங்கள்.

அப்புறம், ஐந்து பாடங்களுக்கும் சேர்த்து ஒரே முடிவு வேண்டுமென்றால் இஃப்-ஐ ஐந்து முறை அடுக்க வேண்டாம்:

=இஃப்(கவுண்ட்இஃப்(சி2:ஜி2,">=35")=5,"தேர்ச்சி","தேர்ச்சி இல்லை")

கவுண்ட்இஃப் இந்த நிபந்தனையில் ‘ஏபி’யை எண்ணிக்கையில் சேர்க்காது. ஒரு பாடம் எழுதாவிட்டாலும் கணக்கு நான்கோடு நின்றுவிடும். மொத்தத்துக்கு சம் போடுங்கள், அது எழுத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் கூட்டும். சி2+டி2 என்று கூட்டல் குறி போட்டால், ‘ஏபி’ உள்ள வரிசையில் எரர்தான் வரும்.

தமிழ் பற்றிக் கேட்டதால் ஒன்று. யூனிகோடில் தட்டும் தமிழ் ஃபார்முலாவில் நன்றாகவே வேலை செய்யும். பழைய பாமினி எழுத்துருவில் உள்ள ஃபைல்களில்தான் கவனம் வேண்டும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளாகவே பதிவாகும்: ‘க’ சின்ன எஃப், ‘கு’ பெரிய எஃப். எக்செல்லோ இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால், ‘கடை’யும் ‘குடை’யும் சமம் என்று சொல்லிவிடும். அந்த மாதிரி ஃபைலில் சொற்களை ஒப்பிட சமக்குறியை நம்பாமல் எக்ஸாக்ட் ஃபார்முலாவைப் பயன்படுத்துங்கள். அது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் பார்க்கும்.