கையால் செய்து இணையத்தில் விற்பவர்களுக்கு: மார்க்கெட்டிங் கேள்வி பதில்

9 வருடமாக நோட்டுப்புத்தகங்களைக் கையால் தைத்து இணையத்தில் விற்று வருகிறேன். மார்க்கெட்டிங் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு இரண்டு வரியிலும் பதில் இருக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, ரெசின் கம்மல் பண்றேன். மார்க்கெட்டிங் பிளான் போடணும்னு எல்லாரும் சொல்றாங்க, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. இன்ஸ்டாகிராமா, பின்ட்ரெஸ்டா (படங்களைத் தேடிச் சேமிக்கிற தளம்), சொந்த வெப்சைட்டா?

பதில்: மூன்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒரு தாளை எடுத்து, வாரத்துக்கு உங்களால் எத்தனை ஜோடி செய்ய முடியும் என்று எழுதுங்கள். ஆசைப்படும் எண்ணிக்கை வேண்டாம், போன மாதம் நிஜமாகச் செய்த எண்ணிக்கை. ரெசின் அச்சிலிருந்து எடுக்கிற அளவுக்கு இறுகவே பெரும்பாலும் ஒரு நாள் ஆகும். அப்புறம் ஓரம் தேய்க்க வேண்டும், கொக்கி மாட்ட வேண்டும், படம் எடுக்க வேண்டும், பார்சல் கட்ட வேண்டும், "இது பச்சையா நீலமா" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். வாரத்தில் 20 மணி நேரம் கிடைத்தால் அதில் பாதிதான் கம்மலுக்குப் போகும்.

வாரத்துக்கு 15 ஜோடி என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களுக்குத் தேவை வாரத்துக்கு 15 பேர். கடைப் பக்கத்தைப் பார்க்கிற 100 பேரில் 2 பேர் வாங்குகிறார்கள் என்றால் வாரத்துக்கு 750 பேர் பக்கத்துக்கு வர வேண்டும், ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம். பிளானின் முதல் வரி இதுதான். பத்தாயிரம் ஃபாலோயர்கள் என்ற எண் இதில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நாளைக்கு நான் 3 நோட்டு தைப்பேன். மூன்றாவது வருடம் ஒரு சின்ன வீடியோ எப்படியோ ஓடி, 4 நாளில் 90 ஆர்டர். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். 10 நாளில் அனுப்புவதாகப் பக்கத்தில் எழுதியிருந்தது, வேலையோ முழுசாக ஒரு மாதம். பாதிப் பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மீதிப் பேரில் சிலர் ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். கடைக்குக் கூட்டம் வந்ததுதான் அந்த வருடம் எனக்கு நேர்ந்த பெரிய நஷ்டம். இப்போது 12 நோட்டுக்கு மேல் ஆர்டர் சேர்ந்துவிட்டால் கடைப் பக்கத்தில் கையிருப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு, "அடுத்த தொகுதி இந்தத் தேதியில்" என்று போட்டுவிடுகிறேன்.

எந்தத் தளம் என்றால், கம்மலுக்குப் படம்தான் பேசும். முதல் 3 மாதம் ஒரே ஒரு தளம், கூடவே ஒரு மின்னஞ்சல் பட்டியல். அகலக்கால் வேண்டாம்.

கேள்வி: கோல்டு பிராசஸ் சோப்பு (காய்ச்சாமல் அச்சில் ஊற்றிக் காயவைப்பது) செய்கிறேன். பண்டிகை சீசனுக்கு எப்போது விளம்பரத்தை ஆரம்பிப்பது?

பதில்: பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி பார்சல் போய்ச் சேர 2 வாரம். விற்பனை ஓட 4 வாரம். படம் எடுத்துப் பொருளைக் கடையில் ஏற்ற 1 வாரம். சோப்பு பதமாகக் காய 4 முதல் 6 வாரம், ஆறே வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றி வெட்ட 2 வாரம். மொத்தம் 15. பண்டிகைக்கு ஏறக்குறைய மூன்றரை மாதம் முன்னாலேயே பாத்திரத்தை எடுத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். பலர் ஒரு மாதம் இருக்கும்போது "ஐடியா" தேடுகிறார்கள். அப்போது ஊற்றுகிற சோப்பு பண்டிகை முடிந்த பிறகுதான் காய்ந்திருக்கும்.

காய்கிற வாரங்களைச் சும்மா விடாதீர்கள். வெட்டுகிற வீடியோ, வாசனை கலக்கிற வீடியோ, அலமாரியில் வரிசையாக நிற்கிற படம் எல்லாம் அப்போது போகட்டும். "20ஆம் தேதி திறக்கிறோம், முன்கூட்டித் தெரிய வேண்டுமென்றால் மின்னஞ்சல் கொடுங்கள்" என்று கூடவே எழுதுங்கள். பின்ட்ரெஸ்ட்டில் போடுவதானால் இன்னும் சீக்கிரம். அங்கே ஒரு படம் மெதுவாகத்தான் பலர் கண்ணில் படும், ஆனால் மாதக்கணக்கில் ஆள் கொண்டுவரும். நெட்டுவாக்கில், 1000க்கு 1500 பிக்சல் அளவில் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. காயக் காய நீர் வற்றி எடை குறையும், அதனால் காய்ந்த பிறகு எடை போட்டு எழுதுங்கள். "அரிப்பு போகும், சொறி குணமாகும்" என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள். பல நாடுகளில் அப்படி எழுதிய நொடியே சோப்பு மருந்துச் சட்டத்தின் கீழ் போய்விடும்.

கேள்வி: எட்ஸியில் (கைவினைப் பொருள் விற்கிற இணையச் சந்தை) கடை போட்டு 5 மாசம் ஆச்சு மேடம். யாருமே பார்க்க மாட்டேங்கிறாங்க. குரோஷே (கொக்கி ஊசியால் பின்னுறது) பொம்மை. தலைப்பில் பொம்மையோட செல்லப் பேரைத்தான் வச்சிருக்கேன்.

பதில்: பொம்மைக்கு நீங்கள் வைத்த பெயர் உங்களுக்கும் பொம்மைக்கும் மட்டும்தான் தெரியும். அதை யாரும் தேட மாட்டார்கள். "குரோஷே முயல் பொம்மை, பிறந்த குழந்தைக்குப் பரிசு" என்றுதான் தேடுவார்கள். செல்லப் பெயரை விவரத்துக்குள் தள்ளிவிட்டு, பொருள் என்ன என்பதைத் தலைப்பின் முதல் சில சொற்களிலேயே சொல்லுங்கள்.

எட்ஸியில் தலைப்புக்கு 140 எழுத்து, டேக் (தேடலுக்கான குறிச்சொல்) 13, ஒவ்வொரு டேகும் 20 எழுத்துக்குள். 13ஐயும் நிரப்புங்கள், ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டு வீணாக்காதீர்கள். பொருள், யாருக்கு, எந்தச் சந்தர்ப்பம், என்ன நிறம், என்ன பாணி என்று பிரித்துப் போட்டால் 13 போதாது என்றுகூடத் தோன்றும். சொற்கள் எங்கே கிடைக்கும் என்றால், வாங்கியவர்கள் எழுதிய விமர்சனத்தில். "மருமகளோட சீமந்தத்துக்கு வாங்கினேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அதுவே ஒரு டேக். தேடல் பெட்டியில் இரண்டு சொல் தட்டினால் கீழே விழுகிற பட்டியலும் உதவும்.

எட்ஸியில் ஏற்றிய ஒரு பொருள் 4 மாதம்தான் கடையில் உயிரோடு இருக்கும், அப்புறம் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். உங்களுடையது 5 மாதம் ஆகிவிட்டதால் முதலில் காலாவதி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேருக்கு நடக்கிறது.

கேள்வி: விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

பதில்: பொருளின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மூலப்பொருள் 25, பெட்டி, டேப், அட்டை 8, தளத்தின் கட்டணமும் பணம் வாங்குகிற கட்டணமும் 11. ஆக வெளியே போவது 44. உங்கள் உழைப்புக்கான கூலி 36. (கூலி எழுதாமல் கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.) மிச்சம் 20. ஒரு விற்பனைக்கு விளம்பரத்தில் அதிகபட்சம் 20 போகலாம், அப்போதும் லாபம் பூஜ்யம். 100 கிளிக்குக்கு 2 பேர் வாங்கினால், ஒரு கிளிக்குக்கு 0.40 வரைதான் தாங்கும். விளம்பரப் பக்கம் அதற்கு மேல் கேட்டால் மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

எட்ஸியில் வெளித்தள விளம்பரம் என்று ஒன்று இருக்கிறது. கூகுள் மாதிரி இடங்களில் அவர்களே விளம்பரம் போட்டு, அதைக் கிளிக் செய்தவர் 30 நாளுக்குள் வாங்கினால் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். மேலே சொன்ன 20ல் 15 போய், கையில் 5. ஆண்டு விற்பனை 10,000 டாலருக்குக் கீழே உள்ள கடைகள் இதை வேண்டாம் என்று நிறுத்திவிடலாம். தாண்டிவிட்டால் 12 சதவீதம், நிறுத்த முடியாது. விலை வைக்கும்போதே இதையும் சேர்த்து வைப்பது நல்லது.

கேள்வி: தள்ளுபடி போட்டால்தான் அசைகிறது. 25 சதவீதம் போடலாமா?

பதில்: அதே 100ஐ எடுங்கள். வெளிச்செலவு 44 போக 56 (கூலியும் மிச்சமும் சேர்த்து) உங்கள் கைக்கு வந்தது. 25 சதவீதம் குறைத்தால் 75, செலவு போக 31. (கட்டணம் துளி குறையும், விட்டுவிடுங்கள்.) முன்பு 10 விற்று 560 பார்த்தீர்கள். இப்போது 18 விற்றால் 558. தொழிற்சாலைக்காரருக்கு அந்த 8 கூடுதல் பொருள் இயந்திரத்திலிருந்து விழும். உங்களுக்கு அது எட்டுப் பொருளின் முதுகுவலி. நாள் முழுக்கக் குனிந்து பின்னி, பழைய பணத்துக்கே வந்து நிற்பீர்கள்.

தேங்கிப்போன நிறம், சின்னக் குறையுள்ள பொருள் இவற்றுக்குத் தள்ளுபடி போடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். மற்றபடி இரண்டு வாங்கினால் அனுப்பும் செலவு இல்லை என்பது பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது. ஒரே பெட்டி, ஒரே டேப், தபால் செலவும் இரட்டிப்பாவதில்லை, அந்த மிச்சத்தைத்தான் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: ரீல்ஸுக்கு லைக் வருது, ஆர்டர் வரல.

பதில்: யார் லைக் போடுகிறார்கள் என்று ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் நம்மைப் போலவே செய்பவர்கள். தையல் நுணுக்கத்தைக் காட்டினால் தைப்பவர்கள்தான் வருவார்கள், அவர்கள் வாங்க வரவில்லை, கற்றுக்கொள்ள வருகிறார்கள். வாங்குகிறவருக்கு வேண்டியது வேறு: பையில் அடங்குமா, மை ஊறுமா, பரிசாகக் கொடுத்தால் எப்படி இருக்கும். நான் ஒரு நோட்டை 180 டிகிரி விரித்து மேஜையில் வைத்து எழுதுகிற 9 வினாடி வீடியோவில், தைக்கிற வீடியோவைவிடக் குறைந்த லைக், அதிக ஆர்டர்.

கேள்வி: நிறைய ஃபாலோயர் இருக்கிறவங்களுக்கு இலவசமாக அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், மாதத்துக்கு ஒன்று. பின்தொடர்பவர் எண்ணிக்கையை விடுங்கள், கீழே வருகிற கருத்துகளில் "எங்கே வாங்கினீங்க" என்று ஆட்கள் கேட்கிறார்களா என்று பாருங்கள். இலவசமாகக் கிடைத்தது என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கா உட்பட பல நாடுகளில் அது சட்டம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் போதாதா? மின்னஞ்சல் யார் படிக்கிறார்கள்?

பதில்: பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். வாங்கிப் பழகியவர்களுக்கு அது அருமையான வழி, புதியவர்களுக்கு உதவாது.

மின்னஞ்சலை எல்லோரும் படிப்பதில்லை, சரிதான். ஆனால் என் புதுத் தொகுதி திறக்கிற அன்று முதல் மணி நேரத்தில் வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் என் மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர்கள். அனுமதி வாங்கித்தான் சேர்க்க வேண்டும். எட்ஸி மாதிரி சந்தைத் தளத்தில் ஒருவர் வாங்கினார் என்பதற்காக அவர் முகவரியை எடுத்துப் பட்டியலில் போட்டுக்கொள்ளக் கூடாது, தளங்களும் தடை செய்திருக்கின்றன. பார்சலுக்குள் ஒரு சின்ன அட்டை வையுங்கள், விருப்பமுள்ளவர் தானே வந்து சேரட்டும். பட்டியலிலிருந்து விலகுகிற இணைப்பு ஒவ்வொரு கடிதத்திலும் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கடிதம் போதும்: என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எப்போது திறக்கும், எத்தனை இருக்கும்.

கேள்வி: படம் எடுக்க கேமரா வாங்கணுமா?

பதில்: வேண்டாம். ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் அணைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. ஒரு படத்திலாவது மனிதக் கை இருக்கட்டும். அளவு தெரியாமல் வாங்கி, "இவ்வளவு சின்னதா" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் குறைவார்கள்.

கேள்வி: எதனால் விற்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று இடத்தில் போடுகிறேன்.

பதில்: சொந்த வலைத்தளம் என்றால் இணைப்பின் வாலில் யுடிஎம் குறி ஒட்டுங்கள், எந்த இடத்திலிருந்து ஆள் வந்தார் என்பது கூகுள் அனலிடிக்ஸில் (வலைத்தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கருவி) தெரியும். (அந்த "யு" அர்ச்சின் (Urchin) என்ற நிறுவனத்தின் முதல் எழுத்து. கூகுள் அதை 2005ல் வாங்கியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) சந்தைத் தளம் என்றால் இடத்துக்கு ஒரு கூப்பன் குறியீடு. இரண்டும் முடியாதவர்கள் ஆர்டர் வந்ததும் நன்றி சொல்லும்போது "எங்களை எங்கே பார்த்தீர்கள்" என்று கேட்டு ஒரு நோட்டில் கோடு போடுங்கள். 50 கோடு சேர்ந்ததும் எந்த இடத்தை விடலாம் என்று தெளிவாகிவிடும். நான் இரண்டு வருடம் விடாப்பிடியாக நடத்திய ஒரு பக்கத்துக்கு 50ல் 1 கோடுதான் விழுந்தது. அன்றைக்கே அதை மூடினேன், வாரத்தில் 4 மணி நேரம் திரும்பி வந்தது.

கேள்வி: ஒரு மாசமா எதுவுமே விக்கல அக்கா. மூடிடவா?

பதில்: எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று சொல்லவில்லையே. 40 பேர் என்றால் பொருளைப் பற்றி இன்னும் யாரும் தீர்ப்பே சொல்லவில்லை, மேலே எட்ஸிக்காரருக்குச் சொன்ன தலைப்பு, டேக் வேலையைச் செய்யுங்கள். 600 பேர் பார்த்தும் யாரும் வாங்கவில்லை என்றால் முதல் படம், விலை, அனுப்பும் செலவு என்று இந்த வரிசையில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. கூடையில் போட்டுவிட்டுப் போனவர்கள் இருந்தால் நேராக அனுப்பும் செலவில் போய்க் கைவையுங்கள். எண்ணிக்கையோடு மறுபடி எழுதுங்கள், பார்க்கிறேன்.