புகைக்குழாய் மூட்டில் தார் ஒழுகுகிறதே?

கேள்வி: ஐயா, வீட்டைச் சூடேற்ற விறகு அடுப்பு வாங்கி, நானும் தம்பியும் ஆறு அங்குலப் புகைக்குழாயை நாங்களே மாட்டினோம். புகை கசியக் கூடாதென்று, கீழ்க்குழாயின் நெளிவு முனை (அடுத்த குழாய்க்குள் நுழையும்படி சுருக்கியிருக்கும் முனை) மேலே பார்க்கும்படி வைத்து, அதன்மேல் அடுத்த குழாயைக் கவிழ்த்தோம். இரண்டே வாரத்தில் மூட்டுகளில் கறுப்பாகத் தார் வழிகிறது. அதே குழாய்தான் மரப்பலகைக் கூரை வழியாக மேலே போகிறது. துளையைச் சுற்றி இரண்டு அங்குல இடைவெளி இருக்கிறது. அதில் கண்ணாடிப் பஞ்சை அடைத்து, மூட்டுகளில் சிலிக்கான் பூசினால் போதுமா?

பதில்: போதாது தம்பி. முதலில் அடுப்பை அணைத்துவிடுங்கள், வேலை முடியும்வரை பற்றவைக்க வேண்டாம். தாரை விட, போகிற போக்கில் சொன்னீர்களே அந்தக் கூரைத் துளை, அதுதான் எனக்குப் பயம்.

தார் விஷயம் எளிது. குழாயைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். நெளிவு முனை எப்போதும் அடுப்பைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போது மேலிருந்து வழியும் தார் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் விழுந்து எரிந்துவிடும். 'அப்படி வைத்தால் புகை கசியாதா?' என்று எல்லோரும் கேட்பார்கள். கசியாது. சூடான புகை மேலே ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது, அறையின் காற்றைத்தான் மூட்டு உள்ளே இழுக்கும். நன்றாக எரியும்போது மூட்டருகே ஒரு ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள், அதன் புகை உள்பக்கம் வளையும். வெளியே தள்ளினால் இழுப்பு சரியில்லை என்று அர்த்தம்.

சிலிக்கான் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று ஸ்க்ரூ போடுங்கள். அப்புறம், இரண்டு வாரத்தில் இவ்வளவு தார் என்றால் விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது காற்றுக்கதவை ரொம்பவும் மூடி எரிக்கிறீர்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை விறகு காய வேண்டும்.

இப்போது கூரை. உங்களிடம் இருப்பது ஒற்றைத் தகரக் குழாய். மரத்திலிருந்து அதற்கு 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் புகைபோக்கி விதியான என்.எஃப்.பி.ஏ. 211. சுவர், கூரை எதையும் அது ஊடுருவிப் போகக் கூடாது. அந்த இடத்துக்கென்றே இரட்டைச் சுவருக்கு நடுவே காப்பு அடைத்த புகைபோக்கிக் குழாயும், அதைத் தாங்கும் பெட்டியும் விற்கிறார்கள். அதற்கும் மரத்துக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு அங்குலம் கேட்பார்கள். சரியான அளவு குழாயோடு வரும் கையேட்டில் இருக்கும். அந்த இடைவெளி காலியாகவே கிடக்கட்டும். அதில் ஓடும் காற்றுதான் சூட்டைக் கொண்டுபோகிறது. பஞ்சை அடைத்தால் சூடு அங்கேயே தேங்கி மரத்தில் இறங்கும்.

இப்படிப் பஞ்சடைத்த ஒரு கூரையை நான் பிரித்திருக்கிறேன். கீழிருந்து பார்க்க மரச்சட்டம் முழுசாகத்தான் இருந்தது. திருப்புளி முனையை வைத்தேன், கரிக்கட்டை போல நொறுங்கி உள்ளே போய்விட்டது. அந்த வீட்டில் தீப்பிடித்ததே இல்லை, ஒரு நாள்கூடப் புகை நாற்றம் வந்ததில்லை. புது மரம் பற்ற ஏறக்குறைய 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வேண்டும். மாதக்கணக்கில் வெந்த மரத்துக்கு அதைவிட மிகக் குறைந்த சூடே போதும். குழாய்க்குள் படிந்த தார் ஒரு நாள் பற்றிக்கொண்டால் அது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கூரைக்கு மேலே புகைபோக்கி குறைந்தது 3 அடி நிற்க வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். படுக்கையாக ஓடும் துண்டு இருந்தால் அடிக்குக் கால் அங்குலம் ஏற்றம் கொடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் ஒன்று வாங்காமல் மறுபடி பற்றவைக்காதீர்கள்.

புதுக் குழாய் ஏற்றுவதற்கு முன் டார்ச் அடித்துத் துளையின் விளிம்பைப் பாருங்கள். பலகை பழுப்பேறியிருந்தால் நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதற்கப்புறம் பெட்டியைப் பொருத்துங்கள்.