ஆளரவமற்ற சாலையில் எதிர்பாராமல் ஒரு காட்டுயிரை நேருக்கு நேர் சந்தித்ததுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

உண்டு, ஒரே ஒரு முறை. சந்தித்தது முள்ளம்பன்றியை. செய்ததில் முதல் பாதி முட்டாள்தனம் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது. இருபுறமும் புதர் மண்டிய குறுகலான சாலையில் இருசக்கர வண்டியில் தனியாக வந்துகொண்டிருந்தேன். வளைவில் திரும்பியதும் விளக்கொளியின் விளிம்பில் இரண்டு கண்கள் மின்னின. நாய் என்றே நினைத்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது பெரிய வேகமன்று என்றாலும், அந்த வேகத்திலேயே வண்டி நொடிக்குப் பதினொரு மீட்டர் கடந்துவிடுவதால், பிரேக்கைப் பிடித்து நிற்பதற்குள் எங்களுக்கிடையே பத்தடி தூரம்தான் மிஞ்சியிருந்தது.

அது மெதுவாகத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டியது. ஓடப்போகிறது என்று எண்ணி, கைப்பேசியை எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னே எடுத்துவைத்து நடந்தேன். நம் மொழியில் புறமுதுகு காட்டுவது தோற்றவரின் செயல். முள்ளம்பன்றிக்கோ அதுதான் போருக்கு நிற்கும் நிலை. நொடிப்பொழுதில் முட்கள் எழுந்து விரிந்து, உடல் இருமடங்காகத் தெரிந்தது. கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அந்த முட்களுக்கு நடுவே, வாலிலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டுவது போன்ற ஓசை கிளம்பியது. வால் நுனியில் உள்ள முட்கள் உள்ளீடற்றவை. ஒன்றோடொன்று உரசும்போது அந்த ஒலி எழுகிறது. கூடவே பின்னங்கால்களால் தரையை உதைத்தது.

முள்ளம்பன்றி முள்ளை அம்பு போல எய்யும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். உண்மையில் அதனால் எய்ய முடியாது. நம் நகத்தில் உள்ள கெரட்டினால் ஆன, தடித்துப்போன மயிர்களே அவை. தோலில் தளர்வாகப் பதிந்திருப்பதால், எதிரியின் உடலில் குத்தியதும் கழன்று அங்கேயே தங்கிவிடுகின்றன. அதற்காகத்தான் அது பின்பக்கமாகப் பாய்ந்து மோதுகிறது. சிறுத்தைகூட இந்த முட்களால் படுகாயமடைவதுண்டு. (பெயரில் பன்றி இருக்கிறதே தவிர, எலியையும் அணிலையும் போல இதுவும் கொறித்துண்ணிதான்.)

முன்வைத்த இரண்டடியைப் பின்வாங்கி, விளக்கைத் தாழ்த்தி, எஞ்சினை அணைத்து அசையாமல் நின்றேன். ஹாரனை அழுத்தக் கை துறுதுறுத்தது, அழுத்தாதது நல்லதாயிற்று. ஏனெனில் அது ஏன் சாலையை விட்டு நகரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது: புதரிலிருந்து இன்னொரு முள்ளம்பன்றியும், அதன் வயிற்றையொட்டி உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான குட்டி ஒன்றும் வெளிப்பட்டன. இவ்விலங்குகள் பெரும்பாலும் இணையாகவே வாழ்பவை. குட்டி சாலையின் குறுக்கே தத்தித் தத்திப் போய் மறுபக்கப் புல்லில் மறையும்வரை, முதலில் வந்தது எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றது. பிறகு முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன, அதுவும் போயிற்று.

கிலுகிலுப்பை ஓசை புதருக்குள் தேய்ந்து அடங்கிய பின்னரே வண்டியைக் கிளப்பினேன்.